பிஎச்.டி. முன்மொழிவில் ஆய்வு எல்லையை வகுப்பது எப்படி? தலைப்புக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

முதல் டி.சி. (டாக்டோரல் கமிட்டி, அதாவது ஆய்வை மேற்பார்க்கும் குழு) கூட்டத்துக்கு நான் எடுத்துப்போன தலைப்பு: 'கடலூர் மாவட்ட மீனவர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு'. வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒன்றுதான் கேட்டார்: "எந்த மீனவர்?" விசைப்படகு முதலாளியா, அதில் பங்குக்குப் போகிறவரா, பைபர் படகு வைத்திருப்பவரா, கரையில் ஏலம் எடுப்பவரா, கூடை சுமந்து விற்கும் அம்மாவா? என்னிடம் பதில் இல்லை. திருப்பி எழுதி ஒப்புதல் வாங்க எட்டு மாதம் போனது.

அதற்கப்புறம் கடலூரிலும் புதுச்சேரியிலும் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பலருடைய முன்மொழிவுகளைப் படித்துக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். தலைப்பை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு எல்லையை அதற்கேற்ப இழுத்துக் கட்டப் பார்க்கிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். கேள்வி, முன்னாய்வு, தரவு, வேலி, நாட்கணக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தலைப்பு. அந்த வரிசையிலேயே சொல்கிறேன். உதாரணங்கள் சமூக அறிவியல், தமிழ், வரலாறு பக்கம்தான் இருக்கும். எனக்குத் தெரிந்தது அது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. விதிமுறை. காலாப்பட்டில் (புதுச்சேரிப் பல்கலைக்கழகம்) ஒரு மாதிரி, சிதம்பரத்தில் (அண்ணாமலைப் பல்கலைக்கழகம்) ஒரு மாதிரி இருக்கும். சீனியர் சொன்னார் என்று நம்பாதீர்கள். பொதுவான அளவு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையில் இருக்கிறது. கோர்ஸ் ஒர்க்கையும் (தொடக்கத்தில் படிக்கும் பாடங்கள்) சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தரலாம். இதைக் கூட்டிப் பார்த்து 'பத்து வருஷம் இருக்கே' என்று நினைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். உதவித்தொகை அத்தனை நாள் வராது, வீடும் பொறுக்காது. எல்லையை 3 ஆண்டுக்கு வகுத்தால்தான் 5 ஆண்டில் முடியும்.

இரண்டாவது, உங்கள் துறையில் அண்மையில் ஒப்புதல் பெற்ற இரண்டு மூன்று முன்மொழிவுகள். ஷோத்கங்கோத்ரி தளத்திலும் முன்மொழிவுகள் கிடைக்கும், ஆனால் உங்கள் துறையுடையதைப் பார்ப்பதே நல்லது. எல்லையை அரைப் பக்கத்தில் எழுதுகிறார்களா, மூன்று பக்கத்திலா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

மூன்றாவது, கைடோடு அரை மணி நேரப் பேச்சு. "என்ன செய்யலாம் சார்?" என்று கேட்காதீர்கள். "இதில் எந்தப் பகுதி உங்களுக்குப் பழக்கமில்லாதது?" என்று பணிவாகக் கேளுங்கள். அவருக்குப் பழக்கமில்லாத முறையை நீங்கள் வைத்தால், இரண்டாம் ஆண்டில் தனியாகத் தவிக்கப்போவது நீங்கள்தான்.

கடைசியாக ஒரு நோட்டு. அட்டையில் 'வெட்டியவை' என்று எழுதிக்கொள்ளுங்கள். எதை ஆய்விலிருந்து நீக்கினீர்கள், எந்தத் தேதியில், ஏன் என்று அவ்வப்போது ஒரு வரி போட்டுவையுங்கள். ஏழாவது படிக்கு வரும்போது இது தேவைப்படும்.

2. ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்

கேள்விக்குறியில் முடிகிற ஒரு வாக்கியம் வேண்டும். 'மீனவர்களின் நிலை என்ன?' என்பதிலும் கேள்விக்குறி இருக்கிறது. ஆனால் அதற்கு என்ன சொன்னாலும் பதில்தான். எங்கே நிறுத்துவது என்று தெரியாது. எங்கே நிறுத்தலாம் என்று சொல்லாத கேள்வியால் எல்லை வகுக்க முடியாது.

என் கேள்வி கடைசியில் இப்படி வந்து நின்றது: 'மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதபோது, கடலூர் துறைமுகத்தை நம்பி மீன் விற்கும் பெண்கள் வீட்டுச் செலவுக்கும் கடன் தவணைக்கும் பணத்தை எங்கிருந்து புரட்டுகிறார்கள்?' யார், எங்கே, எப்போது, எதைப் பற்றி என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எல்லையில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, 'என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன தீர்வு' என்று மூன்றையும் ஒரே ஆய்வில் கட்டுவது. குறிப்பாக அந்தத் 'தீர்வு'. அதைச் சேர்த்தால் அரசின் திட்டங்களை மதிப்பிட வேண்டும். அது தனி ஆய்வு. பரிந்துரை சொல்ல ஆசையிருந்தால் கடைசி இயலில் இரண்டு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள், நோக்கங்களில் வைக்காதீர்கள்.

3. முன்னாய்வுகளை நான்கு நெடுவரிசையில் போடுங்கள்

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிடைக்கும் ஷோத்கங்கா தளத்தில் தேடும்போது ஊர்ப்பெயரின் பழைய வடிவங்களையும் தேட வேண்டும். கடலூர் மாவட்டம் 1993-இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஆய்வெல்லாம் தென்னாற்காடு என்ற பெயரில் கிடக்கும். புதுச்சேரி என்று அதிகாரபூர்வமாக மாறியது 2006-இல். அதற்கு முன் பாண்டிச்சேரி. ஆங்கில எழுத்தில் இன்னும் இரண்டு மூன்று விதம் உண்டு. இது தெரியாமல் 'என் தலைப்பில் ஒரு ஆய்வும் இல்லை' என்று மகிழ்ந்துபோகிறவர்கள் அதிகம்.

கிடைத்த ஒவ்வோர் ஆய்வுக்கும் எக்செல்லில் நான்கே நெடுவரிசை: இடம், காலம், யாரைப் பற்றி, எந்த முறை. இருபது வரி நிரம்பியதும் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். எனக்குத் தெரிந்தது, மீனவர் பற்றிய ஆய்வுகளில் ஆண்களும் படகுகளும் நிறைந்திருந்தார்கள். மீன் விற்பவர்கள் ஓர் இயலாக வந்து போனார்கள்.

'இதுவரை எவரும் ஆராயவில்லை' என்று மட்டும் முன்மொழிவில் எழுதாதீர்கள். குழுவில் ஒருவருக்காவது அப்படி ஓர் ஆய்வேடு நினைவுக்கு வரும். அதோடு, யாரும் செய்யாததற்குத் தரவு கிடைக்காதது காரணமாக இருக்கலாம். அடுத்த படி அதைத்தான் பார்க்கிறது.

4. தரவு இருக்கும் இடத்துக்கு நேரில் போய் வாருங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்மொழிவு ஒப்புதலான பிறகு களத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். எல்லை வகுக்கும் முன்பே ஒரு வாரம் அலைந்துவிட வேண்டும். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

இருக்கிறதா? 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், ஊர்வாரியான எண்ணிக்கைக்கு 2011 கணக்கைத்தான் இன்னும் நம்பியிருக்கிறோம். '2020-க்குப் பிந்தைய மாற்றங்கள்' என்று எல்லை வைத்துவிட்டு 2011 எண்களை அடுக்கினால் குழு கேட்கத்தான் செய்யும். எண்ணிக்கை வேண்டுமென்றால் நீங்களே எடுக்க வேண்டும். எடுக்க முடிந்த அளவுக்குத்தான் களம் இருக்க வேண்டும்.

கிடைக்குமா? ஓர் அலுவலகத்தில் பதிவேடு இருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன், மேசை மேல்தான் இருந்தது. ஆனால் மேலிடத்துக் கடிதம் இல்லாமல் காட்ட முடியாது என்றார்கள். கடிதம் வாங்கிப் போவதற்குள் அதிகாரி மாறிவிட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும், ஆனால் 'தகவல் தொகுக்கப்படவில்லை' என்பதும் பதில்தான். ஆகவே அனுமதி கிடைக்காவிட்டாலும் உயிரோடு இருக்கிற மாதிரி எல்லையை வகுங்கள். ஒரே பதிவேட்டை நம்பி நிற்கும் ஆய்வு, அந்தப் பதிவேடு இல்லையென்றால் படுத்துவிடும்.

படிக்க முடியுமா? புதுச்சேரியில் வரலாறு செய்கிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள். 1954 நவம்பர் 1-க்கு முன் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. ஆவணங்களும் பெரும்பாலும் பிரெஞ்சில். 'புதுச்சேரி நெசவாளர்கள், 1900–1970' என்று ஒரு தம்பி வந்தார். பிரெஞ்சு தெரியுமா என்றால், கற்றுக்கொள்வேன் அண்ணா என்றார். கற்கலாம், ஆனால் அந்த இரண்டு ஆண்டை யார் தருவார்கள்? சுவடி ஆய்வுக்கும் இதே கதைதான். செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் 8,000-க்கும் மேற்பட்ட சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. பெரும்பகுதி கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம். தமிழ் எம்.ஏ. படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குள் இறங்க முடியாது. மொழியும் எழுத்தும் எல்லைக்குள் வர வேண்டிய விஷயங்கள். எழுதத் தயங்காதீர்கள்.

இதோடு ஐந்து பேரிடம் சும்மா பேசிப் பாருங்கள், வினாநிரல் இல்லாமல். நான் பேசியபோது "கடன் எவ்வளவு இருக்கும்மா?" என்றால் மகளிர் குழுக் கடனை மட்டும் சொன்னார்கள். நகை அடகு, சீட்டு, ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் எதையும் அவர்கள் கடன் என்ற கணக்கில் சேர்க்கவில்லை. "அது கொடுக்கல் வாங்கல் தம்பி" என்றார் ஒரு அக்கா. அந்த ஒரு பேச்சில் என் ஆய்வின் முக்கியமான சொல்லுக்குப் பொருளே மாறிப்போனது. ஒப்புதலுக்குப் பிறகு இது தெரிந்திருந்தால் கருவி (வினாநிரல்) முழுவதையும் மாற்றியிருக்க வேண்டும்.

5. ஐந்து வேலி போடுங்கள்

இடம். ஊர்ப்பெயர் போட்டால் போதும் என்று நினைப்பீர்கள். 'புதுச்சேரி' என்று எழுதினால் எந்தப் புதுச்சேரி? ஒன்றியப் பிரதேசம் என்றால் காரைக்கால் மட்டுமல்ல, கேரளக் கரையில் இருக்கும் மாகேயும் ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம் இருக்கும் ஏனாமும் உள்ளே வந்துவிடும். வட்டாரம் என்றால் அதுவும் ஒரே துண்டு நிலம் இல்லை. தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. கடலூரிலிருந்து பாகூர் பக்கம் வண்டியை விட்டால் எங்கே எல்லை தாண்டினோம் என்பதே சில இடங்களில் தெரியாது. எனவே கொம்யூன் (புதுச்சேரியின் உள்ளாட்சி அலகு), வட்டம், ஊராட்சி, கிராமம் என்று எந்த அலகு என்பதைப் பெயரோடு எழுதுங்கள்.

இரண்டு அரசுகளின் எல்லையைத் தாண்டுவது இன்னொரு பொறி. என்னிடம் பலரும் சொன்ன யோசனை, "வீராம்பட்டினத்தையும் சேர்த்துக்கொள்ளேன், பக்கம்தானே." புதுச்சேரியின் மீனவ ஊர் அது. பக்கம்தான். ஆனால் அங்கே அரசு வேறு, தடைக்கால நிவாரணத் திட்டம் வேறு, துறை வேறு. சேர்த்த மறுநாளே அது ஒப்பாய்வு ஆகிவிடும். எதையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும். ஒப்பிடுவதுதான் உங்கள் கேள்வி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பஸ் வசதி இருக்கிறது என்பதற்காகச் செய்யாதீர்கள்.

காலம். '2010 முதல் 2020 வரை' என்று பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிப்பது அழகாக இருக்கும், காரணம் இருக்காது. உங்கள் பொருளிலேயே ஏதோ மாறிய நாளைத் தேடுங்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிகளைப் பற்றி என்றால் 2011 டிசம்பர் 30 இயல்பான தொடக்கம். தானே புயல் கரையைக் கடந்து தோப்புகளைச் சாய்த்த நாள் அது. கடலோர மறுவாழ்வு என்றால் 2004 டிசம்பர் 26. பாரதியின் புதுவைக் கால எழுத்து என்றால் 1908 முதல் 1918 வரை எல்லை தானாகவே கிடைக்கிறது; அதிலும் 'இந்தியா' இதழ் மட்டும் என்றால் 1910-உடன் முடிந்துவிடும். மாவட்டப் புள்ளிவிவரத்தைப் பத்திருபது ஆண்டுக்கு ஒப்பிடுகிறவர்கள் 1993-ஐத் தாண்டிப் பின்னால் போனால், தென்னாற்காட்டு எண்ணோடு கடலூர் எண்ணை வைத்து ஒப்பிடுகிற அபத்தம் நேரும். பயிர்ப் பரப்பு பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஒரு முடிவையே இப்படி எழுதிக்கொண்டு வந்தார்கள்; குறைந்தது மாவட்டம்.

இன்னொன்று, ஆராயும் காலம் வேறு, தரவு திரட்டும் காலம் வேறு. இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள்.

யார். சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் நிபந்தனை வேண்டும். 'மீனவப் பெண்கள்' என்பது நிபந்தனை இல்லை. 'துறைமுக ஏலத்தில் நேரடியாக மீன் எடுத்துத் தானே விற்கும், இத்தொழிலில் குறைந்தது 3 ஆண்டு இருக்கும், 18 வயது நிரம்பிய பெண்' என்றால் வாசலில் நிற்கும் ஒருவரைப் பார்த்து இவர் உண்டு, இவர் இல்லை என்று சொல்லிவிடலாம். கருவாடு போடுகிறவர்கள், மீன் வெட்டிக் கொடுக்கிறவர்கள் வெளியே போனார்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதிவைத்தேன்.

எது. உங்கள் கேள்வியின் மையச்சொல் என்ன பொருளில் வருகிறது என்று நான்கு வரி. என் 'கொடுக்கல் வாங்கல்' கதையை மேலே சொன்னேன், அவ்வளவுதான்.

எப்படி. கணக்கெடுப்பா, நேர்காணலா, பனுவல் ஆய்வா. இவற்றைக் கலந்தால்தான் பெரிய ஆய்வு என்ற எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. கேள்விக்கு ஒன்று போதுமென்றால் ஒன்று போதும்.

6. நாட்கணக்குப் போட்டு மறுபடி வெட்டுங்கள்

வேலி போட்டாயிற்று. இது உங்கள் காலத்துக்குள் அடங்குமா என்று பெருக்கிப் பாருங்கள். 60 பேரிடம் தலா ஒரு மணி நேரம் பேசினால் 60 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் பிடித்தது. ஆக 300 மணி நேரம். நாளுக்கு 5 மணி நேரம் உட்கார்ந்தால் 60 நாள், ஞாயிறும் சேர்த்து. இன்னும் ஒரு வரிகூட அலசவில்லை.

அடுத்தது பருவம். நம் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் வீட்டில் ஆள் கிடைப்பார்கள், பேச நேரமும் இருக்கும். ஆனால் ஏலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும், தாழ்வான குப்பங்களில் தண்ணீர் நின்றால் வினாநிரலோடு போய் நிற்க உங்களுக்கே மனம் வராது. என் கேள்வி தடைக்காலத்தைப் பற்றியது என்பதால், ஒப்புதல் ஜூலையில் வந்தால் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். இதைக் கணக்கில் வைத்துத்தான் இரண்டாம் முறை ஜனவரிக் கூட்டத்துக்கே போனேன்.

பகுதிநேர ஆய்வாளர்கள் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். ஞாயிறு மட்டும்தான் களம் என்றால் 61 நாளில் எட்டு அல்லது ஒன்பது ஞாயிறு. நாளுக்கு இரண்டு பேர் என்றால் 16 முதல் 18 பேர். மாதிரி (சாம்பிள்) 60 பேர் என்று முன்மொழிவில் எழுதியிருந்தால் நான்கு ஆண்டு தடைக்காலம் வேண்டும். மாதிரியைக் குறைத்து ஆழமாகப் பேசுங்கள், அல்லது வேலையில் ஒரு மாத விடுப்புக்கு இப்போதே பேசிவையுங்கள்.

கணக்கு உதைத்தால் முதலில் இடத்தை வெட்டுங்கள், பிறகு எண்ணிக்கையை. கேள்வியைக் கடைசியில்தான் தொட வேண்டும். எண்ணிக்கையை முதலில் குறைத்தால் ஐந்து ஊரில் ஊருக்கு நான்கு பேர் என்று ஆகி, எந்த ஊரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாமல் போகும்.

7. விட்டவற்றைக் காரணத்தோடு எழுதுங்கள்

இப்போது அந்த நோட்டை எடுங்கள். 'இவ்வாய்வு கருவாட்டுத் தொழிலில் உள்ள பெண்களை உள்ளடக்கவில்லை. அவர்களின் வரவு தடைக்காலத்தில் வேறு விதமாக அமைவதால்' என்கிற மாதிரி ஆறேழு வாக்கியம் போதும். காரணம் ஆய்வுக் கேள்வியிலிருந்து வர வேண்டும். 'நேரமின்மை காரணமாக' என்று எழுதினால், நேரம் இருந்தால் செய்திருப்பீர்களா என்று கேட்பார்கள்.

எல்லையையும் குறையையும் குழப்பாதீர்கள். எல்லை நீங்களாகப் போட்டுக்கொண்டது: இந்த ஊர், இந்தக் காலம், இந்தப் பெண்கள். குறை உங்கள் கையில் இல்லாதது: வருமானத்தைச் சிலர் குறைத்துச் சொல்லலாம், பழைய கடன் தேதி நினைவில் இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் ஒரே தலைப்பில் கொட்டினால், நீங்கள் தெரிந்து எடுத்த முடிவுகூட இயலாமை மாதிரித் தெரியும்.

8. நோக்கங்களை எல்லையோடு பொருத்துங்கள்

மூன்று அல்லது நான்கு நோக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே தரவு எங்கிருந்து, எந்தக் கருவியால், எந்த இயலில் என்று எழுதிப் பாருங்கள். எதிரே ஒன்றும் எழுத வராத நோக்கத்தை அடித்துவிடுங்கள். அது பெரும்பாலும் யாரையோ திருப்திப்படுத்தச் சேர்த்ததாக இருக்கும்.

9. இப்போது தலைப்பு

எல்லைப் பத்தியில் இருக்கும் சொற்களிலிருந்தே தலைப்பைக் கட்டுங்கள். எனக்கு வந்தது: 'தடைக்காலத்தில் கடலூர்த் துறைமுக மீன் விற்பனைப் பெண்களின் கொடுக்கல் வாங்கல்'. பிறகு ஒவ்வொரு சொல்லையும் விரல் வைத்து, இது எல்லைப் பத்தியில் எங்கே விளக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விளக்கமில்லாத சொல் தலைப்பில் இருக்கக் கூடாது. 'ஓர் ஆய்வு' வேண்டாம், பிஎச்.டி.க்குக் கொடுப்பது ஆய்வுதான் என்று அவர்களுக்கே தெரியும். 'வாழ்வியல்', 'பன்முகப் பார்வை' போன்ற சொற்கள் வேலியைப் பிடுங்கிவிடும்.

10. டி.சி. கூட்டத்தில்

யாராவது ஒருவர் "இதையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்பார். உடனே தலையாட்டாதீர்கள், மறுத்தும் பேசாதீர்கள். நோட்டில் அது ஏற்கெனவே இருந்தால், எப்போது பரிசீலித்து ஏன் விட்டோம் என்று சொல்லுங்கள். என்னிடம் புதுச்சேரிக் கிராமங்களைக் கேட்டபோது அப்படித்தான் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். அவர் விடாப்பிடியாக இருந்தால், "சேர்த்துக்கொள்கிறேன் சார், அதற்குப் பதிலாக எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள். கேள்வி பணிவாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

கூட்டக் குறிப்பின் நகலை அன்றே வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன திருத்தம் ஒவ்வொருவர் நினைவிலும் வேறுவேறாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அறிக்கையோடு போகும்போது குழுவில் ஆளே மாறியிருக்கலாம்; அப்போது மேசை மேல் வைக்க உங்களிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான்.